பஞ்சவர்ணம் நடந்த கதை

கஜபதிக்கு ஆவடி டாங்கி ஃபேக்டரியில் கிரேன் ஓட்டுகிற வேலை. கூரையை ஒட்டிய கூண்டில் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்பவன் கை காட்டுகிற பக்கமெல்லாம் பத்து டன் இரும்பைப் பதவிசாக எடுத்துப்போய் இறக்குவான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சாமானைக்கூட டொம்மென்று வைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவன், தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்ட பெண்டாட்டியைத் தூக்க முடியாமல் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று ஆள் கூப்பிட்டான்.

நாலு பேர் ஓடி வந்தார்கள். அவர்கள் உள்ளே வருவதற்குள் ஓடிப்போய்ப் போர்வையை எடுத்து அவள்மேல் சுற்றிவிட்டான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சைப் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. "பத்தரமா பாத்துக்க கஜா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பஞ்சவர்ணம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், பொழுது சாயும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நூம்பல் கிராமத்துக்கு மருமகளாக வந்த நாளிலேயே அவள் வாட்டசாட்டமான ஆள்தான். அறுப்புக் காலத்தில் மற்ற பெண்கள் ஒரு கட்டுத் தூக்கினால் இவள் இரண்டு கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் விறுவிறுவென்று போவாள். கஜபதிக்கு ஃபேக்டரியில் வேலை கிடைத்துக் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் அந்த நடை மாறவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இடது இடுப்பில் வலி வந்ததும்தான் எல்லாம் மாறியது. முதலில் கடைக்குப் போவது நின்றது. அப்புறம் கோயில். அப்புறம் பக்கத்து வீடு. நடை குறையக் குறைய உடம்பு ஏறியது. உடம்பு ஏற ஏற இடுப்பு இன்னும் வலித்தது.

விழுந்த மறுவாரமே கஜபதி அவளைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் பார்த்தசாரதி எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பந்து மாதிரி இருக்க வேண்டிய எலும்பு, எலி கடித்த கொய்யாப்பழம் போல இருந்தது. "இதுக்கு மாத்திரை, தைலம் எல்லாம் வேலைக்காகாது. இடுப்பு மூட்டையே எடுத்துட்டு வேற வைக்கணும். வெச்சா நடப்பாங்க" என்றார். "அதுக்கு முன்னாடி பத்து கிலோ குறைச்சுக்கிட்டு வந்தாங்கன்னா மயக்கம் கொடுக்கிறவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

எடை பார்க்கிற இடத்தில் நர்ஸம்மா முள்ளைப் பார்த்து, மேஜையில் எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள்: "தொண்ணூத்தி நாலு!" வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ் அம்பத்தூரைத் தாண்டியதும் பஞ்சவர்ணம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அத்தினி பேரு முன்னாடி கூவணுமாய்யா?"

கஜபதி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தான். அவள் மட்டும் வாயைக் கட்டினால் அது தண்டனை மாதிரி இருக்கும், தானும் கட்டுவதென்று. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சொன்னது வீணாகுமா? வீட்டில் கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல். காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரிக்கு ஒரு டம்ளர் மோர். ஞாயிற்றுக்கிழமைக் கறி பாதியானது.

"நீ இன்னாத்துக்கு பட்டினி கெடக்குற? கூண்டுல மயங்கி வுழுந்தா யாரு தூக்கறது?" என்றாள் பஞ்சவர்ணம்.

"உன்ன தூக்க வந்த நாலு பேரும் கீறாங்க இல்ல" என்றான். அந்த நாளுக்குப் பிறகு அதைப் பற்றி அவள் சிரித்தது அப்போதுதான்.

நாலு மாசம் கழித்துப் போனபோது அவளுக்கு ஆறு கிலோ குறைந்திருந்தது. கஜபதிக்கு ஒன்பது. தொளதொளத்த சட்டையோடு வந்து நின்றவனைப் பார்த்து டாக்டர், "ஆபரேஷன் யாருக்குங்க?" என்று கேட்டார். பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்து, "நடக்காத உடம்புல ஆறு கிலோ இறங்கினதே பெரிசும்மா. மீதிக்காகக் காத்துக்கிட்டிருந்தா இருக்கிற எலும்பும் போயிடும். வெச்சிடலாம்" என்றார்.

மாசி மாசத்தில் ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பத்மா என்கிற பெண் வந்து வாக்கரை முன்னால் நிறுத்தினாள். ஒல்லியான பெண். இவள் எப்படிப் பஞ்சவர்ணத்தைத் தாங்கப்போகிறாள் என்று கஜபதி ஓடிவந்து முன்னால் நின்றான்.

"நீங்க தள்ளி நில்லுங்க சார். நான் தூக்கப் போறதில்ல. அவங்களே எழுந்திருப்பாங்க" என்றாள் பத்மா.

பஞ்சவர்ணம் எழுந்தாள். இரண்டு கையாலும் வாக்கரை நசுக்கிவிடுகிறவள் மாதிரி பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நாலடி வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "பழைய வலி இல்லய்யா" என்றாள். "தைச்ச எடம்தான் வலிக்குது. உள்ளார இருந்த வலி போயே போச்சு." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. பத்தாம் நாளைக்குள் வார்டு கடைசிவரை போய்த் திரும்புகிறவளாகிவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் அவள்தான் தைரியம் சொன்னாள்.

பதினோராம் நாள் கஜபதியின் அக்கா வேம்புலியம்மாள் கள்ளிக்குப்பத்திலிருந்து பார்க்க வந்தாள். 'அண்ணி' என்று தன்னைக் கூப்பிடுகிற தம்பி பெண்டாட்டிமேல் அவளுக்கு உயிர். கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள். பிறகு கட்டிலில் குனிந்து, பெரிய ரகசியம் போலச் சொன்னாள்:

"இன்னா வெச்சிகீறாங்கோ உள்ள? இம்மாந்துண்டு இரும்பு குண்டாமே! எங்க தெருவுல ஒருத்தி, உன்ன மாதிரிதான், நல்லா கனத்த ஒடம்பு. இதே ஆபரேசன்தான் பண்ணிகினா. ஊட்டுக்கு வந்தா, நல்லா துன்னா, படுத்தா. மூணே மாசம், உள்ள வெச்சது பிச்சுகிச்சு. ஒடம்ப பாத்துக்கம்மே. சோத்த கொற. அது தாங்கணும் இல்ல?"

கஜபதி பக்கத்தில்தான் இருந்தான். அக்கா நல்லதுக்குத்தானே சொல்கிறாள் என்று நினைத்தான். போதாததற்கு, "ஆமா வர்ணம், இனிமே நாம ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்" என்று தானும் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டான்.

பதினைந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, குனியக் கூடாது, படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைக்க வேண்டும். அருவாமணையும் அம்மியும் தரையில் இருக்கிற வீட்டில் இதெல்லாம் லேசா? கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தினான். கக்கூஸுக்காக, நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலியைக் கள்ளிக்குப்பத்து ஆசாரி தேக்கில் செய்து கொடுத்தார். தாங்குமா என்று கஜபதி கேட்டதும் ஆசாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் அதில் உட்கார்ந்து, கஜபதியையும் இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக் காட்டினார்.

ஒரே மகன் ஜபல்பூரில் வேலையில் இருந்தான். நினைத்தால் வர முடிகிற தூரமில்லை. எடுத்த லீவு தீர்ந்ததும் கஜபதி காலையில் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான். எருமையை ஓட்டி வந்து வாசலில் கறந்து கொடுக்கிற பால்கார முனியம்மாவிடம், பத்து மணிக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கச் சொல்லி வைத்தான். கட்டில் பக்கத்து ஸ்டூலில் சோறு, குழம்பு, ஆஸ்பத்திரியில் சொன்னபடி இரண்டு அவித்த முட்டை. சோறு மட்டும் ஒரு கரண்டி குறைவாக, அக்கா சொன்னாளே என்று. மத்தியானம் சைக்கிளில் வந்து பார்த்தால் தட்டு துடைத்து வைத்திருக்கும்.

ஆனால் ஆஸ்பத்திரியில் நடந்த பஞ்சவர்ணம் வீட்டில் நடக்கவில்லை. முதல் வாரம் கூடம்வரை வந்தாள். மூன்றாம் வாரம் அறைக்கதவு வரைக்கும் வரவே நெற்றியெல்லாம் வேர்த்தது. நாலடி வைத்தால் கண் இருட்டுகிறது என்று உட்கார்ந்துவிடுவாள். தையல் பிரித்த காயத்தின் கீழ்முனையில் ஒரு விரற்கடை மட்டும் ஆறாமல் ஈரமாகவே இருந்தது. முகம் வெளுத்து, கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. கஜபதி அதையும் பார்த்தான். பார்த்து, 'பரவால்ல, உடம்பு எறங்குது' என்று சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷத்தைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முனியம்மா எருமையைக் கட்டிவிட்டு அவன் முன்னால் வந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாத்தே, நீயும் யக்காவும் நூறு வருசம் நல்லா இருக்கணும். எம்பொண்ணு ஏழு மாசம் முழுவாம கீறா. டாக்டரம்மா முட்டை துன்னுன்னு சொல்லிச்சு. நான் எங்க போவ? தெனிக்கும் ரெண்டு முட்டை குடுத்து அனுப்பறீங்களே, யாரு செய்வாங்கோ இத்த? சோறு கூட மிச்சம்னு எருமைக்கு ஊத்துது யக்கா. இது இங்க வந்தாலே ஜன்னலாண்டதான் போயி நிக்குது பாரு."

எருமை ஜன்னல் கம்பிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது.

கஜபதி வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனான். பஞ்சவர்ணம் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனியம்மா பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"எத்தினி நாளா இது?"

அவள் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"வர்ணம், உன்னத்தான். துன்றதே இல்லியா நீ?"

"காப்பி குடிக்கிறேன். ராத்திரிக்கு நீ இருக்கசொல்ல ரெண்டு வாய் துன்றேன் இல்ல."

"இன்னாத்துக்குடி?" என்றான் அவன். "ஒரு மாசமா நடக்க முடியலன்றியே, மயக்கமா வருதுன்றியே, எதுக்கு இந்தப் பட்டினி?"

அவள் மெல்லத் திரும்பினாள். "உள்ள வெச்சது ஒடைஞ்சிடும்யா. அண்ணி சொல்லிச்சு இல்ல? நீயும்தான் ஆமான்ன. ஒவ்வொரு தபா எழுந்து நிக்கசொல்லவும் உள்ள 'டக்'குனு உட்டுடுமோன்னு கீது. நான் வுழுந்தா…" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வுழுந்தா மறுபடியும் தெருவுல நின்னு ஆள் கூப்பிடுவ. அன்னிக்கி நீ கூப்ட்டுட்டு உள்ள வந்து நின்ன பாரு, தண்ணி சொட்டச் சொட்ட, லுங்கிய மடிச்சி கட்டிகினு… எனக்கு வலிச்சதவிட அதான்யா வலிச்சது."

கஜபதி கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இத்தனை நாளும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது தன் உடம்பை நினைத்து வெட்கப்பட்டுத்தான் என்று நினைத்திருந்தான். அவள் அவனுக்காகவும் வெட்கப்பட்டிருக்கிறாள். அவன் கைப்பட அளந்து குறைத்த அந்த ஒரு கரண்டிச் சோறு நெஞ்சில் வந்து அடைத்தது.

"நானும் தப்பு பண்ணிட்டேன் வர்ணம்" என்றான். "கெளம்பு. டாக்டராண்ட போலாம்."

"இன்னிக்கா? உனுக்கு வேலை?"

"கிரேன் எங்கியும் ஓடிப் போவாது."

டாக்டர் பார்த்தசாரதி காயத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். புதுப் படம் எடுத்துப் பழையதோடு வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பஞ்சவர்ணத்தின் எதிரில் உட்கார்ந்தார்.

"மூட்டு வெச்ச மாதிரியே இருக்கு. ஒரு நூல்கூட நகரலை. காயத்துல சீழ் இல்ல. ஆனா சதை சேரலை. ரத்தம் இல்ல உடம்புல. எதைத் தின்னு அது ஆறும்? அம்மா, உங்க எடை எனக்குத் தெரியாதா? அது தெரிஞ்சுதானே அந்த மூட்டை வெச்சேன்? அதைப் பிடிச்சு நிக்க வைக்கிறது தொடைச் சதை. நீங்க பட்டினி கிடந்தா முதல்ல கரையறது அதுதான். அப்பதான் கீழ விழுவீங்க."

"அண்ணி தெருவுல ஒரு பொம்பளைக்கு…" என்று இழுத்தாள் பஞ்சவர்ணம்.

"அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்னன்னு தெரியும். உடம்பு கனமா இருக்கிறவங்களுக்குக் காயம் ஆறக் கொஞ்சம் நாள் ஆகலாம், நாங்களும் கவனமா இருக்கணும். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கனமானவங்களும் நல்லாத்தான் நடக்கிறாங்க. இளைக்கிறதை எல்லாம் ஆறு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம். இப்ப சாப்பிடுங்க, நடங்க."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் நம்பவில்லை என்பது கஜபதிக்குத் தெரிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவனிடம் கேட்டாள்: "டாக்டரு தைரியத்துக்கு சொல்றாரு. நீ சொல்லு. தாங்குமா?"

கஜபதி யோசித்தான். அவனுக்குத் தெரிந்ததைத்தானே அவன் சொல்ல முடியும்?

"எங்க கிரேன் கொக்கியில பத்து டன்னுன்னு பெயிண்ட்ல எழுதிகீது. ஆனா அத்த மாட்டறதுக்கு முன்னாடி பன்னண்டரை டன்னு தொங்கவுட்டு சோதிச்சிட்டுதான் மாட்டுவாங்கோ. பத்துன்னு எழுதனா பத்துலயே அறுந்துபோற மாதிரி யாரும் செய்ய மாட்டான் வர்ணம். கொக்கிக்கே அப்படின்னா, மனுசன் ஒடம்புல வெக்கிறத எப்படி செஞ்சிருப்பான்?"

அவள் அதை மனசுக்குள் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பன்னண்டரையா?" என்றாள்.

"பன்னண்டரை."

"அப்ப எதுனா வாங்கிக் குடு. பசி காதை அடைக்குது."

கேன்டீனில் நாலு இட்லி, ஒரு வடை சாப்பிட்டாள். வடையைப் பார்த்துக் கஜபதி வாய் திறக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் வேம்புலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "என் நாக்குல வசம்ப வெச்சி தேய்க்க! அந்தப் பொம்பளைக்கு ஆபரேசன் இடுப்பா முட்டியான்னே எனக்கு நெஜமா தெரியாதுடா கஜா. யாரோ சொன்னாங்கோ, நான் ஒப்பிச்சிட்டேன்" என்று அழுதாள். அழுதவள் அதோடு போகவில்லை. இரண்டு மாசம் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஆட்டுக்கால் சூப்பு, முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாடு என்று மாறி மாறி வந்தது. முட்டையைத் தன் கண் முன்னால் தின்றால்தான் விட்டாள். முனியம்மாவின் மகளுக்கு இரண்டு முட்டை தனியாகப் போயிற்று. எருமை மட்டும் ஜன்னலை ஒரு வாரம் நம்பிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது.

மூன்று வாரத்தில் காயம் மூடியது. பஞ்சவர்ணம் கூடத்தைத் தாண்டினாள், வாசலைத் தாண்டினாள். ஒருநாள் தெருக்குழாய்வரை வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே குடத்தோடு நின்றவர்களில் அன்றைக்கு அவளைத் தூக்க வந்த நாலு பேரில் ஒருவரின் மனைவியும் இருந்தாள். பஞ்சவர்ணம் அவளோடு அரை மணி நேரம் நின்று ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் திரும்பினாள். வைகாசியில் வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. ஆனி முடிவதற்குள் கைத்தடி பாதி நாள் மூலையில் கிடந்தது. உடம்பு என்னவோ பெரிதாக இளைக்கவில்லை. நடக்க ஆரம்பித்த பிறகு மூன்று கிலோ போயிற்று, அவ்வளவுதான். காட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பத்மா அவளை நடக்கவிட்டுப் பார்த்து, "ஒல்லியா இருக்கிறவங்க இன்னும் என்னைப் பிடிச்சுக்கிட்டுதான் நடக்கிறாங்க. நீங்க என்னைத் தள்ளிட்டுப் போறீங்க" என்று சிரித்தாள்.

கஜபதிக்குத்தான் பயம் விடவில்லை. ஆடி மாசம், கள்ளிக்குப்பத்துக் கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்கு அக்காவுக்குப் புடவை எடுக்க இருவரும் பூந்தமல்லிக்குப் போனார்கள். பஸ்ஸில் ஏறும்போது, "மெதுவா, மெதுவா." இறங்கும்போது, "பாத்து, பாத்து." ஜவுளிக்கடையில் நுழைந்ததும், "தம்பி, இவங்களுக்கு ஒசரமா ஒரு ஸ்டூலு போடு. இடுப்பு ஆபரேசன் பண்ண ஒடம்பு" என்றான். என்ன நிறம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதற்கும் அவனே பதில் சொன்னான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் அவனே. புடவை பார்க்க வந்த யாரோ ஒரு அம்மாளிடம், "மாசி மாசம்தாங்க பண்ணாங்கோ, தொண்ணூத்தி நாலு கிலோ இருந்தாங்கோ" என்று அவன் ஆரம்பித்ததும் பஞ்சவர்ணம் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"எனுக்கு வாய் இல்லியா? இல்ல, உள்ள வெச்ச குண்டு உனுக்கு வெச்சதா?" என்றாள். "நீயே எடு, நீயே கட்டிக்கோ."

விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள்.

கஜபதி கைக்கு வந்த பச்சைப் புடவையைப் பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து பார்த்தான். அவள் கூட்டத்தில் பாதித் தெருவைத் தாண்டியிருந்தாள். மீன்கூடைகளுக்கு நடுவில் புகுந்து, பின்னால் வந்த சைக்கிள்காரனை ஒரு முறை முறைத்து, எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி, போய்க்கொண்டே இருந்தாள். இடது பக்கம் கொஞ்சம் சாய்கிற நடைதான். ஆனால் நடை! இந்த நாலைந்து வருஷத்தில் வீட்டில் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. எல்லாச் சண்டையிலும் கோபித்துக்கொண்டு வெளியே போனது அவன்தான். அவள் இருந்த இடத்திலேயே இருந்து, அவன் திரும்பி வருகிற வரைக்கும் காத்துக்கொண்டிருப்பாள். வேறு வழியில்லை அவளுக்கு.

கூப்பிடலாமா என்று வாயெடுத்தவன் கூப்பிடவில்லை. 'மெதுவா' என்ற வார்த்தையையும் விழுங்கிக்கொண்டான். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, அவளுக்கு இருபதடி பின்னாலேயே போனான். முகத்தில் சிரிப்பு தாங்கவில்லை. எதிரில் வந்த ஒரு ஆள் இவனைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டுப் போனான்.

பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா அங்கியே பல்லக் காட்டிகினு நிக்கிற?" என்று அங்கிருந்தே கத்தினாள். "ஆவடி பஸ்ஸு வந்துகினு கீது, ஓடியா!"